அரசு ஆபீஸ்ல ஸ்டாஃப் சர்வே: பயமில்லாம பதில் வர்ற மாதிரி எடுக்கிறது எப்படி

எங்க மாவட்ட ஆபீஸ்ல நான் எடுத்த முதல் சர்வே சுத்தமா தோத்துப்போச்சு. 42 பேரும் ஃபில் பண்ணிக் குடுத்தாங்க, எல்லா கேள்விக்கும் "நன்று", கடைசில "ஆலோசனை ஏதும் இல்லை". அதே வாரம் டீக்கடையில நின்னா அதே ஆளுங்க வேற கதை பேசுறாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்தேன், அப்பதான் மனசுல இருந்தது தாள்ல வந்துச்சு. நடுவுல என்னென்ன மாத்தினேனோ அதை மட்டும் எழுதுறேன், ஃபார்ம் டைப் பண்றது பிரிண்ட் எடுக்கிறது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. முதல்ல கோப்புல கையெழுத்து

வாய்மொழியா "பண்ணுங்க பாக்கலாம்"னு அலுவலகத் தலைவர் சொன்னா போதாது. குறிப்பு போட்டு ஒப்புதல் வாங்குங்க, சுற்றறிக்கைல ரெண்டு வரி கட்டாயம் இருக்கணும்: இந்தப் பதில்கள் யாரோட பணி சம்பந்தப்பட்ட எதுக்கும் எடுத்துக்கப்படாது, மூலத் தாள்கள் எந்தக் கண்காணிப்பாளர் கைக்கும் போகாது. நம்ம ஆளுங்களுக்கு இருக்கிற பயம் 17பி மெமோ (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு மெமோ) பயம், அதுக்கு ஆறுதல் வார்த்தை வேலைக்கு ஆகாது, அலுவலகத் தலைவரோட கையெழுத்துதான் வேணும்.

2. ஆளைப் பத்தின கேள்விய வெட்டுங்க

நான் விழுந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல் ஃபார்ம்ல பேர் கேக்கல. அதனால யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன். ஆனா பிரிவு, பதவி, ஆணா பெண்ணான்னு மூணு கேள்வி வச்சிருந்தேன். எங்க ஆபீஸ்ல 6 பிரிவு, 5 விதமான பதவி, அப்புறம் ஆண் பெண். பெருக்கிப் பாருங்க, 60 கட்டம். ஆளு 42. அதாவது கட்டத்துக்கு ஒரு ஆள் கூட தேறாது. "சி பிரிவு, தட்டச்சர், பெண்"னு போட்டா அது ஒரே ஒருத்தங்கதான், ஆபீஸ்ல வாட்ச்மேன் வரைக்கும் யாருன்னு சொல்லிருவாங்க.

பிரிட்டன்ல சிவில் சர்வீஸ் முழுக்க 2009லேர்ந்து வருஷா வருஷம் இப்படி ஒரு சர்வே எடுக்கிறாங்க, அமெரிக்காவுல மத்திய அரசு ஊழியர்களுக்கு 2002ல ஆரம்பிச்சாங்க. ரெண்டு இடத்துலயும் ஒரு குழுவுல 10 பேருக்குக் கீழ பதில் வந்திருந்தா அந்தக் குழு முடிவைத் தனியா காட்ட மாட்டாங்க. லட்சக்கணக்கான பேர்கிட்ட எடுக்கிறவங்களே அவ்வளவு கவனமா இருக்காங்கன்னா 42 பேர் ஆபீஸ்ல நாம எவ்வளவு இருக்கணும்? ரெண்டாவது தடவை ஒரே ஒரு பிரிப்புதான் வச்சேன், ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலையா, ஃபீல்டு வேலையா. ரெண்டு பக்கமும் 10க்கு மேல ஆள் இருந்தாங்க. உங்க ஆபீஸ்ல அப்படி வரலைன்னா அந்தக் கேள்வியும் வேண்டாம்.

3. கூகுள் ஃபார்மா, காகிதமா

100 பேருக்குள்ளன்னா நான் காகிதம்தான் சொல்வேன், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

முதல் தடவை கூகுள் ஃபார்ம். சொந்த ஃபோன்ல போட பலபேர் தயங்கினாங்க, சரின்னு ஒரு கம்ப்யூட்டர்ல திறந்து வச்சு ஒவ்வொருத்தரா வரச் சொன்னேன். மத்தியானம் ஒரு தட்டச்சர் மேடம் என்கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க, "சார், நான் எத்தனாவதா போட்டேன்னு எக்ஸெல்ல தெரியுமா?" தெரியாதுன்னு சொல்லிட்டு ஷீட்டைத் திறந்தேன். முதல் காலத்துல 11.02, 11.09, 11.15னு வரிசையா நேரம் நிக்குது. யார் எந்த வரிசைல எழுந்து போனாங்கன்னு ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த மேடம் கேட்டது நியாயமான கேள்வி, எனக்குத்தான் அதுவரைக்கும் தோணல. நேரம் பதியுறத ஃபார்ம்ல நிறுத்தவும் முடியாது.

ஆள் நிறைய இருந்து ஃபார்ம்தான் வழின்னா இதைப் பண்ணுங்க: செட்டிங்ஸ்ல ஈமெயில் சேகரிக்கிறத ஆஃப் பண்ணுங்க, "ஒருத்தருக்கு ஒரு பதில்"ங்கிறதையும் ஆஃப் பண்ணுங்க. ரெண்டாவது ஆன்ல இருந்தா லாகின் கேக்கும், ஈமெயில் உங்களுக்கு வராதுன்னாலும் பாக்குறவங்களுக்குத் தன் ஐடி ஸ்க்ரீன்ல தெரிஞ்சதும் கை நின்னுரும். யாராச்சும் ரெண்டு தடவை போட்டுருவாங்களோன்னு கவலைப்படாதீங்க, எல்லாரும் "நன்று" போடுறத விட அது சின்ன பிரச்சனை.

காகிதத்துக்கும் சிக்கல் உண்டு. கையெழுத்து. 20 வருஷமா ஒருத்தர் எழுதின நோட்டை இன்னொருத்தர் ஃபைல்ல படிச்சிட்டே இருக்காங்க, "ற" போடுற விதத்தை வச்சே ஆளைச் சொல்லிருவாங்க. அதனால தாள்ல டிக் மட்டும். விரிவா எழுத விரும்புறவங்க வெளிய டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து அதே பெட்டில போடலாம்னு சொன்னேன், 9 பேர் போட்டாங்க. பேனாவும் நீங்களே குடுங்க, ஒரே மாதிரி நீல பால்பாயின்ட். எங்க ஆபீஸ்ல ஒரு அலுவலர் பழக்கத்துல பச்சை மைல டிக் பண்ணிட்டாரு, பச்சை மைல எழுதுறவங்க எங்ககிட்ட ரெண்டே பேர். அந்தத் தாளை அவர் கண்முன்னாடியே கிழிச்சுட்டு வேற தாள் குடுத்தேன். பெட்டியைக் கண்காணிப்பாளர் மேசைல வைக்காதீங்க, தண்ணி கேன் பக்கத்துல வைங்க, அங்க எல்லாரும் எப்படியும் போவாங்க.

4. கேள்வி

"பணிச்சூழல் உகந்ததாக உள்ளதா?" இந்த மாதிரி கேள்வி வேண்டவே வேண்டாம். யாரும் வீட்ல இப்படிப் பேசுறதில்ல, அரசாணை மாதிரி கேட்டா அரசாணை மாதிரிதான் பதில் வரும். அப்புறம் நடு ஆப்ஷனா "பரவாயில்லை"ன்னு வைக்காதீங்க. ஒருத்தருக்கு அது "நல்லாதான் இருக்கு", இன்னொருத்தருக்கு "என்ன பண்றது, விடுங்க". ரெண்டையும் ஒண்ணா கூட்டினா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல.

கருத்து கேக்காம நடந்ததைக் கேளுங்க. "மேலதிகாரி மரியாதையா நடத்துறாரா?"ன்னா எல்லாரும் ஆமாம்தான். இப்படிக் கேட்டுப் பாருங்க:

- போன 30 நாள்ல எத்தனை நாள் ராத்திரி 8 மணிக்கு மேல ஆபீஸ் வேலையா வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு?
- கடைசியா லீவு லெட்டர் குடுத்தப்ப எத்தனை நாள்ல பதில் வந்துச்சு?
- போன மாசம் மத்தவங்க முன்னாடி உங்களை யாராச்சும் சத்தம் போட்டாங்களா?
- ஒரே புள்ளிவிவரத்தை ரெண்டு வேற ஃபார்மேட்ல கேட்டு வாங்கினாங்களா?

மொத்தம் 12 கேள்விக்கு மேல போகாதீங்க. முன்னாடியே ரெண்டு பேர்கிட்ட குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, எங்க திக்குறாங்களோ அந்தக் கேள்விய மாத்தணும்.

5. எண்ணுறது

பெட்டியைத் திறந்ததும் தாள்களைக் கலைச்சிருங்க. உங்க ஆபீஸ் ஆள் எண்ண வேண்டாம், பக்கத்து ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. எல்லாத்துக்கும் சதவீதம் போடுறாங்க, எனக்குப் பிடிக்காது, "73.8 சதவீதம்"னு எழுதறத விட "42ல 31"னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஆளுங்க முகம் தெரியும். கூட்டிப் போட எக்ஸெல் மாதிரி இலவசமா கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். வெறுமையா விட்ட கேள்வியையும் எண்ணுங்க. எங்களுக்கு "சத்தம் போட்டாங்களா" கேள்விலதான் அதிகம் வெறுமை, அதுவே ஒரு பதில்தான்.

6. ரெண்டு வாரத்துக்குள்ள நோட்டீஸ் போர்டுல

இதைச் செய்யலைன்னா அடுத்த தடவை யாரும் தாளையே வாங்க மாட்டாங்க. நல்லது கெட்டது ரெண்டையும் அப்படியே ஒட்டுங்க. காலிப் பணியிடம், பதவி உயர்வு பேனல் எல்லாம் உங்க ஆபீஸ் கையில இல்ல, அதை மேல எழுதி அனுப்புங்க, ஆனா அலுவலகத் தலைவரே நாளைக்கே மாத்தக்கூடிய ரெண்டு விஷயத்தைப் பிடிங்க. எங்களுக்கு முதல் விஷயம் வாட்ஸ்அப். 42ல 31 பேர் மாசத்துல 10 நாளுக்கு மேலன்னு போட்டிருந்தாங்க. இப்ப வெள்ளம், தேர்தல் வேலை தவிர ராத்திரி 7 மணிக்கு மேல குரூப்ல ஸ்டேட்மென்ட் கேக்கிறதில்லன்னு குறிப்பாணையே போட்டாச்சு. ரெண்டாவது, பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். ரெண்டு வருஷமா இல்லாம இருந்திருக்கு, யாருமே வாய்திறந்து சொல்லல, டைப் பண்ணி வந்த 9 தாள்ல 4 தாள்ல அதுதான் இருந்துச்சு. ஒரே நாள்ல தச்சரை வரவழைச்சு போட்டோம். அன்னிக்கு எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துப்போச்சு.

அப்டேட் 1: பாலியல் தொல்லை பத்தி கேள்வி வைக்கலாமான்னு ஒரு சகோதரி கமென்ட்ல கேட்டிருந்தாங்க. பேரில்லாத சர்வே புகாரா ஆகாது, அதை நம்பி யாரும் காத்திருக்கவும் கூடாது, ஏன்னா பணியிடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல, இந்தப் புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு கட்டாயம். அதனால "அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்கன்னு தெரியுமா?"ன்னு கேளுங்க. தெரியாதுன்னு வந்தா அன்னிக்கே குழு அமைச்ச ஆணையைக் கண்ணுல படுற இடத்துல ஒட்டுங்க, அப்படி ஒட்டணும்னு சட்டத்துலயே இருக்கு.

அப்டேட் 2: ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல) யாராச்சும் தாள்களைக் கேட்டா என்ன பண்றதுன்னு மூணு பேர் கேட்டாங்க. இதுக்காகத்தான் ரெண்டாவது படியில அவ்வளவு நேரம் நின்னேன். ஆளைக் காட்டுற விவரமே தாள்ல இல்லைன்னா யார் கேட்டாலும் ஆள் வெளிய வராது.

அப்டேட் 3: அடுத்த சுத்து எடுக்கிறவங்க கேள்வி வார்த்தைய ஒரு எழுத்து கூட மாத்தாதீங்க, மாத்தினா போன தடவையோட ஒப்பிட முடியாது. முதல் சுத்து கேள்வித்தாள் ஒண்ணை ஒப்புதல் வாங்கின கோப்புலயே கட்டி வைங்க, டிரான்ஸ்ஃபர்ல நீங்க போயிட்டாலும் அடுத்து வர்றவங்க கையில அது இருக்கும்.