புதிதாக வந்த குதிரைக்கு உடம்பு சரியில்லையா? எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது

வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. லாயத்துக்கு வந்து நாலைந்து நாள் ஆனதும் மூக்கு ஒழுகுகிறது, தீனியைக் கொறித்துவிட்டு ஒதுங்குகிறது, ஓடவிட்டால் முன்கால் நொண்டுகிறது. புதிதாகக் குதிரை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து கேட்கிறார்கள். பதற்றத்தில் ஒரே வாரத்தில் பூச்சி மருந்து, தடுப்பூசி, புது லாடம், புதுத் தீவனம், மூட்டுக்கு ஒரு டப்பா பொடி என்று எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள். அப்புறம் குதிரை தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, மோசமானாலும் எதனால் என்று தெரியாது.

அதனால் இந்தப் பதிவு வரிசையைப் பற்றியது. உயிருக்கு ஆபத்தானது முதலில், அடுத்து வலி, பிறகு வாய், வயிறு, குளம்பு. சவாரி கடைசியில்.

1. தனியாகக் கட்டுங்கள்

வேறு குதிரைகள் இருந்தால் புதியதைக் குறைந்தது மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரம் வேண்டும். தண்ணீர் வாளி, பிரஷ், தலைக்கயிறு எல்லாமே தனி. ஒரே ஆள்தான் இரண்டு பக்கமும் பார்க்கிறார் என்றால், பழைய குதிரைகளை முடித்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போகட்டும்.

முக்கியமாகப் பயப்படுவது ஸ்ட்ராங்கில்ஸ் நோய்க்கு. தாடைக்கு அடியில் நெறி கட்டி, உடைந்து, சீழ் வடியும். கிருமி தொற்றியதிலிருந்து 3 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேற ஆரம்பிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. தினமும் தெர்மாமீட்டர் வைத்தால், மற்ற குதிரைகளுக்குப் பரவும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் கையை வைத்து 'சூடு இல்லை' என்று சொல்வது கணக்கில் சேராது.

பிசுபிசுப்பான மூக்குச்சளியோடு தோலில் கட்டிகளும் புண்களும் வந்தால் அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். இது மனிதர்களுக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மருத்துவர் வரும்வரை வேறு யாரையும் அருகில் விடாதீர்கள்.

2. ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர்

ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை இருக்கும். தெர்மாமீட்டரை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். அதன் வெளிமுனையில் நூல் கட்டி வாலில் ஒரு கிளிப்பால் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். நீங்கள் நேர் பின்னால் நிற்காமல், இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் ரத்தக்குழாயில் பார்க்கலாம். ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்பது இன்னும் சுலபம்.

மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வயிற்றின் இரு பக்கமும் காதை வைத்தால் குடல் இரைச்சல் கேட்க வேண்டும். குடித்த தண்ணீரையும் போட்ட லத்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். இடம் மாறிய குதிரை பழகாத தண்ணீரைக் குடிக்கத் தயங்கும், குடல் அடைத்துக்கொள்வதற்கு அதுவே போதும்.

காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதினால் உங்கள் குதிரைக்கு எது இயல்பு என்று கையில் இருக்கும். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது 'ஒரு மாதிரி இருக்கு' என்பதற்குப் பதிலாக 'நாடி காலையில் 40, இப்போது 64' என்று சொல்ல முடியும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்: தரையைக் காலால் பறித்துக்கொண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, உருள்வது, லத்தி நின்றுபோவது, ஓய்வில் நாடி 60-க்கு மேல் போவது, ஈறு வெளுப்பது அல்லது மஞ்சளாவது, சிறுநீர் சிவந்து வருவது, ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுப்பது. வயிற்றுவலிக் குதிரைக்கு மருத்துவர் வரும்வரை தீனி கொடுக்காதீர்கள்.

3. மருத்துவரை முதல் வாரத்திலேயே வரவழையுங்கள்

நோய் வந்தபின் அழைப்பதைவிட இது மலிவு. கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இதயம், நுரையீரல், கண், பல், முதுகு, நான்கு கால்கள், லத்திப் பரிசோதனை. டெட்டனஸ் தடுப்பூசி போட்டதற்கு எழுத்துப் பதிவு இல்லையென்றால் போடாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். விலங்குகளிலேயே குதிரையை டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்கும், சின்ன ஆணிக்குத்து போதும். முதன்முறை என்றால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி. காய்ச்சல் இருக்கும்போது போடுவதில்லை.

ரத்த மாதிரி எடுத்து வைக்கவும் கேளுங்கள். விற்பனை நாளன்று ஃபீனைல்பூட்டசோன் போன்ற வலிநிவாரணி கொடுத்திருந்தால் நொண்டல் மறைந்துவிடும், மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்ப வரும். வந்து சில நாளில் 'திடீரென்று' நொண்டுகிற குதிரை நம்மிடம்தான் அடிபட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு நேரம் முக்கியம், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் பார்க்கும் முன் நீங்களாக அதே மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தேடி வருவதை நீங்களே மறைத்தது போலாகும். அளவு மிஞ்சினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

4. வாயும் வயிறும்

குதிரை மெலிந்திருந்தால் தீவனத்தைக் கூட்டுவதற்கு முன் வாயைப் பாருங்கள். குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். கடைவாய்ப் பற்கள் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது தேயும். சீராகத் தேயாத இடத்தில் மேல்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். இதற்கு அடையாளம் தொட்டிக்குக் கீழே கிடக்கும்: விரல் நீளத்துக்குச் சுருட்டிய, ஈரமான, பாதி மென்ற புல் உருண்டைகள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்வது, லத்தியில் நீளநீளப் புல்நார், ஒரே மூக்குத்துளையில் நாற்றமடிக்கும் சளி ஆகியவையும் பல்லைத்தான் காட்டும். வாயை விரிக்கும் கருவி போட்டு மருத்துவர் பார்க்க வேண்டிய வேலை இது. உங்கள் கையை உள்ளே விடாதீர்கள்.

எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்கு இரக்கப்பட்டு வாளி வாளியாகத் தானியம் கொட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பட்டினியில் கிடந்த உடலில் மாவுச்சத்து ஒரேயடியாகச் சேர்ந்தால் இன்சுலின் எகிறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் மக்னீசியமும் சரிந்து, இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். தானியமே வேண்டாம். நல்ல குதிரைமசால் உலர்புல்லை வேளைக்கு சுமார் 450 கிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, மூன்று நாளுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாள் வாக்கில் முழு அளவுக்கு வருவது வழக்கம். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம்.

சாதாரணக் குதிரைக்கு எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்புல் ஒரு நாளைக்கு வேண்டும். எடை தெரியாதா? முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 170, நீளம் 150 என்றால் சுமார் 365 கிலோ. தீவனம் மாற்றுவதானால் பழையதோடு கலந்து ஏழு முதல் பதினான்கு நாளில் மாற்றுங்கள்.

குடற்புழு மருந்தும் இந்த எடையை வைத்துத்தான். கண்ணளவில் குறைத்துக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுதான் பெருகும். முதலில் லத்தியில் முட்டை எண்ணிக்கை பாருங்கள், மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லையென்றால் அந்த மருந்து உங்கள் குதிரையின் புழுவிடம் எடுபடவில்லை. மிகவும் மெலிந்த குதிரைக்கு மாக்ஸிடெக்டின் என்ற புழு மருந்து ஏற்றதல்ல.

தீனியில் பாதியை விட்டுவிட்டு, சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிறதா? இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். பயணமும் புது இடமும் சேர்ந்தால் புண் வர அதிக நாள் ஆகாது. நீண்ட நேரம் புல் இல்லாமல் நிறுத்தாதீர்கள். உறுதிப்படுத்த உள்நோக்குக் குழாய் பரிசோதனை தேவை.

5. குளம்பு

முன்காலில் வரும் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலிருந்துதான் தொடங்குகிறது. தோள், முட்டி என்று மேலே தேடுவதற்கு முன் காலைத் தூக்கிக் கீழே பாருங்கள்.

அடியில் மண்ணைச் சுரண்டி எடுத்தால் நடுவில் முக்கோண வடிவ மெத்தை தெரியும். அதன் இரு பக்கப் பள்ளங்களில் கறுப்பாகப் பிசுபிசுத்து அழுகல் நாற்றம் அடித்தால் குளம்பு அழுகல். தளர்ந்த பகுதியை லாடக்காரர் சீவிவிட, தினமும் சுத்தம் செய்து, நீர்த்த அயோடின் தடவி, தரையைக் காய வைத்தால் சரியாகிவிடும். ஈரத்தில் நிற்க வைத்துக்கொண்டு மருந்து மட்டும் தடவுவதில் பயனில்லை.

அடுத்து குளம்பு நாடி. குளம்புக்கு மேலுள்ள பெரிய மூட்டின் பின்பக்கம், இரு ஓரமும், தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விரலில் உருளும். அதன்மேல் விரலை லேசாக வையுங்கள், அழுத்தினால் நாடி அடங்கிவிடும். நல்ல குளம்பில் இந்தத் துடிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். தொட்டதுமே திம்திம் என்று அடித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரே குளம்பில் மட்டும் துடிப்பும் சூடும் இருந்து, நேற்று நன்றாக நடந்தது இன்று அந்தக் காலை ஊன்றவே மறுத்தால் பெரும்பாலும் உள்ளே சீழ். மருத்துவரோ லாடக்காரரோ வழி திறந்துவிட்டால் சீழ் வடிந்து, குதிரை வியக்கத்தக்க வேகத்தில் நடக்கத் தொடங்கும்.

இரண்டு முன்குளம்பிலும் துடிப்பு, உடல் எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து முன்கால்களை நீட்டி நிற்பது, திரும்பச் சொன்னால் நடுங்குவது — இது லாமினைடிஸ். குளம்புச் சுவரை எலும்போடு பிணைக்கும் திசு பிரியத் தொடங்குகிறது என்று அர்த்தம். நடக்க வைக்காதீர்கள், தானியத்தை நிறுத்துங்கள், குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள், மருத்துவரை அழையுங்கள். பழைய லாமினைடிஸின் தடம் குளம்பின் வெளியே எழுதியிருக்கும்: முன்னால் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்துகொண்டே போகும் வளையங்கள்.

குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கச் சுவர் முழுசாகப் புதுப்பிக்க 9 முதல் 12 மாதம் ஆகும். கெட்டுப்போன வடிவத்தை ஒரே நாளில் வெட்டித் திருத்தச் சொல்லி லாடக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

6. எந்தக் கால்?

சமமான கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஒருவர் குதிரையை மெல்லோட்டத்தில் நேராக ஓட்டி வரட்டும். கயிறு இறுகினால் தலை அசைவு தெரியாது. நீங்கள் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் நின்று பாருங்கள். முன்கால் வலித்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். புதியவர்கள் தலை இறங்கும் காலைத்தான் நோகும் கால் என்று நினைப்பார்கள், அது தலைகீழ். பின்கால் என்றால் வலிக்கும் பக்க இடுப்பு மறுபக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் போனில் மெதுவான வேகத்தில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கும் அது உதவும்.

அப்புறம் வட்டத்தில், இரண்டு பக்கமும். கெட்டித் தரையில் அதிகமா, மணலில் அதிகமா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் நொண்டி, சூடானதும் குறைவது ஒரு மாதிரி. போகப் போக அதிகமாவது இன்னொரு மாதிரி. இதற்கு மேல் நரம்பை மரக்க வைக்கும் ஊசி, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் என்று மருத்துவர் இடத்தைக் குறுக்கிப் பிடிப்பார். இடம் தெரியாமல் மூட்டுப் பொடி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சேணத்தையும் மறக்க வேண்டாம். முதுகைச் சுருக்கிப் பின்வாங்குகிற குதிரைக்குக் காலில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைக்கு நடுவே காய்ந்த திட்டு இருக்கிறதா, தோளெலும்புக்குப் பின்னால் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் அங்கே சேணம் அழுத்துவதைச் சொல்லும்.

7. வேலைக்குத் திரும்புவது

காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, நேர்க்கோட்டில் நொண்டல் இல்லை என்று மருத்துவர் சொன்னபின், முதலில் கையில் பிடித்து நடை. அதன்பின் முதுகில் ஏறி நடை, அப்புறம் சில நிமிட மெல்லோட்டம். நேரம், வேகம், தரை மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மறுநாள் காலை கால்களைத் தடவிப் பாருங்கள். நேற்று இல்லாத சூடோ வீக்கமோ இருந்தால் முந்தைய வார அளவுக்கு இறங்கி, இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சி, நோட்டில் எழுதுங்கள். தசைநார்க் காயம் என்றால் இந்தக் கணக்கு வாரங்களில் அல்ல, ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை போகும். மூட்டுத் தேய்மானம் என்றால் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். அப்போது மருத்துவரிடம் 'எப்போது குணமாகும்' என்பதோடு 'இது எந்த வேலைக்குத் தாங்கும்' என்றும் கேளுங்கள். தடை தாண்டப் பயன்படாத குதிரை மெதுநடைச் சவாரிக்குப் பல வருடம் தாங்கலாம்.