வளையம் இலையுடையதா, ஸ்பிரிட்டுடையதா?

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போனால், எந்த ஊரிலும் ஒரு மேசையில் வேப்பிலையும் துளசியும் நாலு பெட்ரி தட்டும் இருக்கும். தட்டில் அகர் என்ற ஜெல்லி மேல் கிருமியை வளர்த்து, இலைச்சாறு ஏற்றிய சின்னக் காகித வட்டை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எவ்வளவு பெரிது என்று அளக்கும் சோதனை அது. நான் உயிரியல் எடுக்க வந்த புதிதில் என் பிள்ளைகளும் அதே கோளாறுகளோடு அதே மேசைக்குப் பின்னால் நின்றவர்கள்தான். கை கழுவுவது, தட்டில் பெயர் எழுதுவது எல்லாம் செய்முறைக் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கன்ட்ரோல் (ஒப்பீட்டு) வட்டு இல்லாத தட்டு

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கண்காட்சியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசையாகத் தட்டைக் காட்டினாள். குப்பைமேனி இலையை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டியிருக்கிறாள். ஃபில்டர் பேப்பரை ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் வெட்டி, அந்த வட்டுகளைச் சாற்றில் முக்கிச் சொட்டச் சொட்ட அகர் மேல் வைத்திருக்கிறாள். வட்டைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம்.

“வெறும் ஸ்பிரிட்ல முக்கின வட்டு எங்கம்மா?”

“அது எதுக்கு சார்? நாங்க இலையைத்தானே டெஸ்ட் பண்றோம்.”

ஊசி போடுமுன் நர்ஸ் தோலில் தடவுவதே இந்தச் சரக்கைத்தான். 70 சதவீத எத்தனால் கிருமிநாசினி. ஈர வட்டிலிருந்து அது அகருக்குள் இறங்கினால், வளையத்தில் இலையின் பங்கு எவ்வளவு, ஸ்பிரிட்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. சார்ட் எழுதிய பிறகு இதைத் திருத்தவும் வழியில்லை. அகர் காய்ச்சுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அவர்கள் செய்தார்கள், பாராட்ட வேண்டும். நன்றாகக் காயவைத்த வட்டில் குப்பைமேனியின் வளையம் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. காயாத வெறும் ஸ்பிரிட் வட்டைச் சுற்றியும் மெலிதாக ஒன்று விழுந்திருந்தது.

வட்டைச் சாற்றில் முக்காதீர்கள். ஒரு வட்டுக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டு, காயவிட்டு, மறுபடி 10 விடுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் ஸ்பிரிட் வாசனை துளியும் வரக் கூடாது. இலையே இல்லாத ஸ்பிரிட்டையும் இன்னொரு வட்டில் அதே அளவு, அதே தடவை விட்டு, அதே நேரம் காயவையுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் இந்தக் கன்ட்ரோல் வட்டு வேண்டும். மொத்தப் பரிசோதனைக்கும் ஒன்று வைத்தால் போதாது.

எலுமிச்சை, நெல்லி, புளி எடுப்பவர்களுக்கும் இதே வழக்குதான். புளிப்பே கிருமியைத் தடுக்கும். அதே பி.எச். (புளிப்பின் அளவு) வரும்படி கரைத்த சிட்ரிக் அமிலத்தில் ஒரு வட்டு வைக்காமல் “நெல்லிக்கனியின் மருத்துவ குணம்” என்று தலைப்புப் போட்டால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். குறைத்திருக்கிறேன், கைட் டீச்சர் சண்டைக்கு வந்தும்.

பூண்டை வேகவைப்பது

கசாயம் போட்டே பழகிய கை முழுப்பூண்டைக் கொதிக்கும் நீரில் போடுகிறது. பிறகு வளையம் வரவில்லை என்று புலம்பல். முழுப்பல்லில் இருப்பது அலியின். நசுக்கும்போதுதான் அலினேஸ் என்ற நொதி அதைத் தொட்டு அலிசினாக மாற்றுகிறது. கிருமியைத் தாக்குவது அலிசின். முதலிலேயே வேகவைத்தால் நொதி செத்துவிடும், அலிசின் பிறக்கவே பிறக்காது. பச்சையாக நசுக்கிச் சில நிமிடம் விட்டு, அன்றைக்கே பயன்படுத்துங்கள். அலிசின் நெடுநாள் நிற்காது.

மஞ்சளின் மஞ்சள் வளையம்

அது சாயம். வளர்ச்சி அற்றுப்போன இடத்தை மட்டும் அளக்க வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, அகருக்குள்ளும் சரியாகப் பரவாது. அதனால் சின்ன வளையம் என்றால் சக்தி குறைவு என்று ஆகிவிடாது. “பூண்டு 18 மி.மீ., வேம்பு 9 மி.மீ., ஆகவே பூண்டு இரண்டு மடங்கு” என்ற வரியும் செல்லாது. எவ்வளவு குறைந்த செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்று சாற்றைப் படிப்படியாக நீர்த்துப் பார்த்தால்தான் அதைப் பேச முடியும்.

“6 மி.மீ. செயல்திறன்”

பஞ்சிங் மெஷின் வட்டே ஏறக்குறைய 6 மி.மீ.தான். ஆக, 6 என்று அளந்தால் வளையமே இல்லை என்றுதான் அர்த்தம்.

சாக்கடை நீர், சளி, விரல் ரேகை

தட்டில் கிருமி வளர்க்க இவை வேண்டாம். எது வளர்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேக்கரி ஈஸ்ட் போதும். சார்ட்டில் அதைப் பாக்டீரியா என்று எழுதாமல் பூஞ்சை என்று எழுதுங்கள். பாக்டீரியாவே வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியர் மூலம் பேசில்லஸ் சப்டிலிஸ் கேளுங்கள்.

37 டிகிரி

நம் உடம்பில் குடியிருக்கும் கிருமிக்குப் பிடித்த சூடு அது. பள்ளியில் தட்டை வைக்க 25 முதல் 30 டிகிரி வரை போதும். சித்திரையில் வகுப்பறையே 35-ஐத் தாண்டும் என்பதால் மார்கழியிலேயே முடித்துவிடுங்கள்.

டேப்

தட்டின் மூடியைச் சுற்றி முழுக்க ஒட்டினால் உள்ளே காற்று போகாது, காற்றில்லாமல் வளரும் வேண்டாத கிருமிகளுக்கு அது வசதி. இரண்டு பக்கம் துண்டு டேப் ஒட்டினால் போதும். அளக்கும்போதும் மூடியைத் திறக்காமல், தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கமாக ஸ்கேலை வையுங்கள்.

முடிந்த தட்டுகள்

குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. வெயிட் போட்ட குக்கரில், ஆவி வந்தபின் 20 நிமிடம் வைத்தால் உள்ளே இருப்பது சாகும். பிளாஸ்டிக் தட்டு உருகி ஒட்டிக்கொள்ளும், ஆகவே எவர்சில்வர் தூக்கில் போட்டு ஏற்றுங்கள். அந்தக் குக்கரைச் சத்துணவுக் கூடத்தில் கடன் வாங்கியிருந்தால் மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.