பங்க் டிரம்மர் ஆகப் போகிறவர்கள் சென்னையில் செய்யும் தவறுகள்

நான் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறேன் என்றுதான் என் அத்தை இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில், "பங்க்ல டிரம்ஸ் வாசிக்கிறேன் அத்தை" என்று சொன்னேன். "பெட்ரோல் போடுற இடத்துல எதுக்குடா டிரம்ஸு?" என்று கேட்டுவிட்டு ரசம் வாங்கப் போய்விட்டார். நான் சொன்னது பங்க் ராக், வேகமும் கோபமுமான ராக் இசை. அதற்குப் பிறகு நானும் விளக்கவில்லை.

இருபது வயதில் ஆரம்பித்தேன், இப்போது நாற்பது. என்னோடு ஆரம்பித்த டிரம்மர்களில் முக்கால்வாசிப் பேர் குச்சியைக் கீழே வைத்தாயிற்று. அவர்களில் பலர் என்னைவிட நன்றாக வாசித்தவர்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு போனது, ஒருவனுக்குக் காது, இன்னொருவனுக்குப் பொறுமை. பங்க் என்றால் எதையும் முறையாகக் கற்க வேண்டாம், கோபம் இருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து வந்தவை.

கை கல்லாகிறது என்றால்

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 180 எண் என்ற வேகத்தில் ஒரு பாட்டு. ஹை-ஹேட்டில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டை உலோகத் தட்டில் (சிம்பல்), ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு அடி. அதாவது நொடிக்கு 6. இரண்டரை நிமிடப் பாட்டில் வலது கை மட்டும் 900 தடவை விழுகிறது. 12 பாட்டு வாசித்தால் 10,800. இத்தனையும் அரை மணி நேரத்தில். 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் நியூயார்க் பங்க் குழுவான ராமோன்ஸ் 28 பாட்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் வாசித்து முடித்தார்கள். டிரம்ஸில் டாமி ராமோன்.

இதைத் தோள் பலத்தால் செய்ய முடியாது. புதிதாக வருகிற பையன்கள் முழங்கையிலிருந்து குச்சியை ஓங்குகிறார்கள். முதல் இரண்டு பாட்டு இடி மாதிரி இருக்கும். மூன்றாவதில் முன்கை இறுகும். ஐந்தாவதில் கை கல்லாகி, ஹை-ஹேட்டில் ஒன்று விட்டு ஒன்று அடிக்க ஆரம்பிப்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு விழுந்த மாதிரி இருக்கும்.

குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாகப் பிடியுங்கள். மற்ற மூன்று விரல்களும் பின்னாலிருந்து தள்ளிவிடும் வேலையை மட்டும் பார்க்கட்டும். அடித்ததும் குச்சி தானாக எழும்பி வர வேண்டும், நீங்கள் தூக்கக் கூடாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடக்கிற குழந்தையின் கையைக் கவனித்தால் புரியும். 140-ல் ஆரம்பித்து ஐந்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வலிக்கவில்லை என்றால் மறுநாள் நான்கு கூட்டுங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வலியைத் தாங்கிக்கொண்டு வாசிப்பது வீரம் என்று எனக்கு ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தார். அந்த வீரத்துக்கு விலையாக இரண்டு மாதம் என்னால் டம்ளரைத் தூக்க முடியவில்லை.

உடம்பு விஷயத்திலும் இப்படித்தான் ஏமாறுகிறோம், உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று. அமெரிக்க ராக் குழுவான பிளாண்டியின் டிரம்மர் கிளெம் பர்க்கை வைத்து இங்கிலாந்தில் ஆய்வே நடத்தினார்கள். கச்சேரியின்போது அவர் இதயம் துடித்த வேகம், ஆட்டத்தின் நடுவில் இருக்கும் கால்பந்து வீரருக்கு ஈடாக இருந்தது. இது குளிர் தேசத்துக் கணக்கு. மே மாதம், ஏசி வேலை செய்யாத ஜாம் ரூமில், அதாவது ஒத்திகை அறையில், நம் கதை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு நடுவில் எனர்ஜி டிரிங்க் குடிப்பதை விடுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள்.

எடுக்கும்போதே ஓடுவது

கல்லூரி கல்ச்சுரல்ஸ் ஒன்றில் வாசித்தோம். ஒத்திகையில் 176-ல் வைத்திருந்த பாட்டு. மேடையில் கூட்டத்தைப் பார்த்ததும் ரத்தம் ஏறி, பாட்டின் வேகத்தைக் காட்டக் குச்சியை நான்கு தட்டு தட்டினேன். அப்புறம் வீடியோவைப் போட்டு அளந்தால் 204. பாடகன் இரண்டாவது சரணத்தில் பாதி வார்த்தைகளை விழுங்கிவிட்டான், மூச்சு விட இடமில்லை. இறங்கி வந்து அவன் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

கர்நாடகக் கச்சேரியில் எடுத்த காலப்பிரமாணம் கொஞ்சம் ஓடினாலும், முன்வரிசை மாமாக்கள் தொடையில் தட்டியே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். நமக்கு அந்த முன்வரிசை கிடையாது. நம் கூட்டம் குதிக்கும், குதிக்கிற கூட்டம் நம்மை இன்னும் விரட்டும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் வேக எண்ணைக் காகிதத்தில் எழுதி, பக்கத்தில் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம்மில் ஒட்டுங்கள். போனில் வேகத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோமைச் சத்தமில்லாமல், விளக்கு மட்டும் மினுங்கும்படி வைத்து, நான்கு தட்டுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. பல்லவியின் முதல் வரியை மனசுக்குள் பாடிவிட்டு, அந்த வேகத்தில் தட்டுங்கள். எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

ஓடுவதற்குத் தங்கச்சி, ஃபில் போட்டுத் தள்ளுவது, அதாவது இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் உருட்டுவது. ராமோன்ஸுக்கு டாமி முதலில் மேனேஜராக இருக்கத்தான் வந்தார். டிரம்மர் தேடி ஆட்களை வரவழைத்தால், வந்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்து ஹார்ட் ராக் பாணியில் உருட்டித் தள்ளினார்கள். வேண்டியது என்ன என்று காட்டப்போய், அவரே ஸ்டூலில் உட்கார வேண்டியதாயிற்று. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம், முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம், ஹை-ஹேட், நேர்கோடு. அந்த நேர்கோட்டை மூன்று நிமிடம் கோணாமல் இழுப்பது, உருட்டுவதைவிடக் கஷ்டம். சந்தேகம் இருந்தால் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

காது

ஷோ முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் 'ஞொய்ய்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் போய்விடும். போய்விடுவதால்தான் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டுப் போகிறது. எனக்கு ஒரு நாள் கரண்ட் போய் ஃபேன் நின்றபோதுதான் தெரிந்தது, அந்தச் சத்தம் நிற்கவே இல்லை என்று. சிள்வண்டு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். சிள்வண்டு உள்ளேதான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். சின்ன ஜாம் ரூமில் ஸ்நேரும் சிம்பலும் 100-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நாம் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

பஞ்சை அடைத்துக்கொள்வது வேலைக்கு ஆகாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் காதைக் காப்பாற்றும், ஆனால் சிம்பலின் கூர்மையைத் தின்றுவிடும். அதனால் இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்த அடைப்பான் வருகிறது. எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். முதல் சிம்பல் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். போட்டுக்கொண்டு மேடையேறினால் 'என்னடா பங்க்கு இது' என்று யாராவது கேலி செய்வார்கள். செய்யட்டும்.

முழு செட் வாங்கும் ஆசை

முதல் சம்பளத்தில், அல்லது அப்பாவை நச்சரித்து, ஐந்து டிரம் வைத்த செட் ஒன்றை வீட்டில் இறக்குகிறோம். இரண்டு படுக்கையறை ஃபிளாட். மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஆன்ட்டி ஏறி வருவார். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. ஒரு ஸ்நேருக்கு 55 என்பது தொட்டாலே தாண்டிவிடுகிற அளவு. செட் பரணுக்குப் போகும், அப்புறம் பழைய விலைக்கு ஆன்லைனில்.

பின்னாளில் நிர்வாணா குழுவின் டிரம்மரான டேவ் குரோல் சின்ன வயதில் தலையணைகளில் அடித்துப் பழகி, 17 வயதில் வாஷிங்டன் ஹார்ட்கோர் (இன்னும் வேகமான பங்க்) கூட்டமான ஸ்க்ரீமில் சேர்ந்தவர். தலையணை குச்சியைத் திருப்பி அனுப்பாது, தூக்கும் வேலை முழுக்க மணிக்கட்டுக்கு, அதில் மணிக்கட்டு பலப்படும். சும்மா கிடக்கும் இலவம்பஞ்சுத் தலையணையும் ஒரு ரப்பர் பேடும் ஒரு வருடத்துக்குத் தாராளம்.

மேடைகளில் பெரும்பாலும் டிரம் செட் போட்டு வைத்திருப்பார்கள். நாம் கொண்டுபோக வேண்டியது ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல். காசு இருந்தால் இந்த மூன்றில் போடுங்கள். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரிக் கடைகளில் போய், உட்கார்ந்து, பெடலை மிதித்துப் பார்த்து வாங்குங்கள். 1842-லிருந்து இருக்கிற கடை, பார்க்க வந்தவனை விரட்ட மாட்டார்கள்.

சிம்பல் உடைவதற்குக் காரணம் பலம் என்று நினைக்கிறோம். பாதி நேரம் காரணம் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். ஸ்டாண்டின் கம்பிக்கும் சிம்பல் ஓட்டைக்கும் நடுவில் அது இருக்க வேண்டும். தொலைந்துபோனால் இரும்பு நேராகச் சிம்பலைத் தின்னும். ஓட்டை நீள்வட்டமாகி, அங்கிருந்து விரிசல் ஓடும். மீன்தொட்டிக் கடையில் டியூப் விற்கிறார்கள். கம்பியில் இறுக்கமாகப் போகிற அளவு பார்த்து ஒரு அடி வாங்கினால் பத்துத் துண்டுக்கு மேல் வரும். மேல் திருகையும் முறுக்கி இறுக்காதீர்கள், சிம்பல் ஆட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள் பெடல் சங்கிலிக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது.

பையில் ஒரு பழைய பாயோ கார்பெட்டோ கட்டாயம். வழவழப்பான மேடையில் கிக் டிரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அங்குலம் முன்னால் போகும். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஷோவில் நான் பாதிப் பாட்டைக் காலால் டிரம்மை இழுத்துக்கொண்டே வாசித்தேன். கடைசியில் குட்டி யானை ஓட்டி வந்த அண்ணன் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அன்றைக்கு மேடையில் அவர் ஒருவர்தான் சரியாகக் காரியம் செய்தவர்.

வேறெதுவும் வாசிக்க மாட்டேன் என்பது

சென்னையில் பங்க் மட்டும் வாசித்து வாடகை கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. கல்யாண ரிசப்ஷன், மெல்லிசைக் குழு, சர்ச், ஸ்டூடியோ, பிள்ளைகளுக்கு வகுப்பு என்றுதான் ஓடும். இதெல்லாம் பங்க்குக்குத் துரோகம் என்று நினைத்து நானே மூன்று வருடம் வறட்டு கௌரவம் பார்த்தேன். பிறகு ஒரு சர்ச்சில் சேர்ந்தேன். சனி ராத்திரி ஷோ, ஞாயிறு காலை 8 மணிக்கு ஆராதனை. முதல் வாரமே பாஸ்டர் கூப்பிட்டு, "தம்பி, கர்த்தருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார். மெதுவாக வாசிக்கும்போதும் வேகம் குலையாமல் இருப்பதை அங்கேதான் கற்றேன்.

இந்த ஊர்த் தாளத்தைக் காதில் வாங்காமல் இருப்பதும் தவறுதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியது. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில், சாதியைப் பற்றி நேருக்கு நேர். பங்க் என்று அவர்கள் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் லண்டன் பங்க்கில் 1977-ல் இருந்த கோபத்துக்கு இங்கே சொந்தக்காரர் யார் என்று கேட்டால் நான் அந்தத் திசையில்தான் கை காட்டுவேன். சட்டி மேளம் அடிக்கிற ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நாம் வெளிநாட்டு வீடியோவில் தேடிக்கொண்டிருக்கும் முரட்டுத்தனம் இங்கே தெருமுனையில் கிடைக்கிறது.

பங்க் டிரம்மருக்குப் பங்கு

லண்டன் பங்க் குழுவான கிளாஷின் 'ராக் த காஸ்பா' பாட்டுக்கு இசை போட்டவர் அவர்கள் டிரம்மர் டாப்பர் ஹெடன். டிரம்ஸ் மட்டுமில்லை, பியானோவும் பாஸும்கூட அவரே வாசித்தார். 1982-ல் அது வெளிவரும் நேரத்தில் ஹெராயின் பழக்கத்தால் அவர் குழுவை விட்டு அனுப்பப்பட்டிருந்தார். வீடியோவில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவருக்குப் பதிலாக வந்த டெர்ரி சைம்ஸ். போதையைப் பற்றி நான் இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் வேறு விதமாக நடக்கும். ஜாம் ரூமில் பாட்டு எல்லோரும் சேர்ந்து உருவாக்குவது. ஆனால் பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதிவு செய்யும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒவ்வொருவர் பங்கு எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பார்கள். வாசித்தவர் என்ற பெயருக்கு அங்கே பங்கு இல்லை, அது தனிக் கணக்கு. கிட்டார்காரர் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டால், அந்தத் தாளத்தை உருவாக்கிய உங்களுக்கு அங்கே ஒரு பைசா வராது. நண்பன்தானே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறோம். பாட்டு ஓடாத வரை கூச்சம் நல்லது. ஓடிவிட்டால் அப்புறம் கேட்கிறதுக்கு வக்கீல் வேண்டும்.

எங்கள் குழு பிரிந்து சேர்ந்த பிறகு, முதல் வேலையாக நுங்கம்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். ஒரு மணி நேரம் சண்டை. பாடல் வரி எழுதியவனுக்கு அவன் பங்கு, மீதி இசை நான்கு பேருக்கும் சமம் என்று முடிந்தது. காகிதம் இல்லை. மாஸ்டர் கொடுத்த பில்லின் பின்பக்கம் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாஸ் வாசிப்பவன் அதை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறான். முன்பக்கம் 4 டீ, 6 பஜ்ஜி என்று இருக்கும்.