49ஆம் நாளிலிருந்து தொடங்குங்கள்: கிராமத்தில் புதுக் கோயில் கட்டுவோருக்கு

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில், சாலையோர வேப்பமரத்தடியில் வெறும் கல்லாக நின்ற மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியபோது கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் நம்பிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் எழுதிய அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கோயில் பேச்சு எழுந்தவுடன் எல்லாரும் கருவறை மேல் எழும் விமானம் எத்தனை அடி என்று கேட்பார்கள். நீங்கள் கும்பாபிஷேகம் முடிந்த 49ஆம் நாளைப் பற்றிக் கேளுங்கள். மண்டல பூஜை நடக்கும் 48 நாளும் உபயதாரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். மறுநாள் காலை கதவைத் திறப்பது யார்? எண்ணெய் வாங்குவது யார்? கட்டி முடித்த வேகத்திலேயே பூட்டிக் கிடக்கும் கோயில்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காது.

நாங்கள் போட்ட கணக்கு இது. பூசாரி சம்பளம், எண்ணெய், பூ, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 7,000 ரூபாய், ஆண்டுக்கு 84,000. நூற்றுக்கு ஏழு வட்டி கிடைத்தால் 12 லட்சம் வைப்பு வேண்டும். எங்களால் ஐந்து லட்சம்தான் ஒதுக்க முடிந்தது. அதன் வட்டி 35,000 போக, மீதி 49,000 ரூபாயை ஊரில் வரி கட்டும் 140 குடும்பங்களுக்கும், அதாவது 140 தலைக்கட்டுக்கும் பிரித்தோம். தலைக்கட்டுக்கு ஆண்டுக்கு 350. அந்த ஐந்து லட்சத்தைக் காப்பாற்றுவதற்காக முகப்புக் கோபுரத்தை விட்டுவிட்டோம். வருத்தம் இருந்தது, ஆனால் சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன்.

அடுத்தது இடம். மரம் நின்றது சாலைப் புறம்போக்கு. பொதுத் தெருவிலும் பொது இடங்களிலும் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 'நம் ஊர்தானே, யார் கேட்பார்கள்' என்று அதில் கல் வைக்காதீர்கள். கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம் பக்கமும் போகாதீர்கள். பட்டா நிலம் தேடுங்கள்.

எங்களுக்கு ஒரு பெரியவர் 12 சென்ட் தருவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் பத்திரம் பார்க்காமலே பந்தக்கால் ஊன்றிவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அது கூட்டுப் பட்டா. திருப்பூரில் இருக்கும் அவருடைய தங்கையின் கையெழுத்தும் வேண்டும். அந்த அம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கோபம் நியாயமானது. எட்டு மாதம் போயிற்று. ஆகவே பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்து, பங்குதாரர் அத்தனை பேரையும் நேரில் கண்டு பேசிவிட்டு, அறக்கட்டளையைப் பதிவு செய்து அதன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுங்கள். தலைவர் பெயருக்கு எழுதக் கூடாது. அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் வருவார்கள்.

ஊராட்சி அனுமதி மட்டும் போதாது. வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வருவாய்த் துறையும் காவல் துறையும் விசாரிக்கும். அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம் அங்கே வந்து நிற்பதைவிட முன்னதாகவே வீடு தேடிப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. முதல் ஊர்க்கூட்டத்துக்கே காலனித் தெருவையும் அழையுங்கள். வரியை வாங்கிக்கொண்டு உரிமையை அப்புறம் பேசலாம் என்பது அநியாயம். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் வரலாம் என்ற ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். எங்கள் தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: 140 தலைக்கட்டுக்கும் ஒரே வரி, ஒரே வாசல், முளைப்பாரி வைக்க ஒரே திண்ணை, முதல் மரியாதை யாருக்கும் இல்லை. கூட்டம் நள்ளிரவில் முடிந்தது. இருவர் எழுந்து போனார்கள். தீர்மானத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

வரைபடத்தில் கருவறைக்கு முன் பொங்கல் திடலை அளந்தோம். ஒரு பானை, அடுப்பு, பக்கத்தில் உட்கார ஒருத்தி என்றால் ஐந்துக்கு ஐந்தடி. 140 பானைக்கு 3,500 சதுர அடி, அதாவது எட்டு சென்ட். மீதி நான்கு சென்ட்டில்தான் கோயில், கிணறு, கழிப்பறை எல்லாம். கழிப்பறை வேண்டாம் என்று ஆண்கள் சொன்னார்கள். விடியும்வரை நடக்கும் திருவிழாவில் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். கட்டினார்கள். படியோடு ஒரு சரிவுப் பாதையும் போடச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு. அபிஷேக நீர் கோமுகி வழியாக வந்து தேங்காமல் நந்தவனத்துக்குப் போகட்டும்.

சிலைக்கு ஸ்தபதியிடம் ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். அம்மனுக்குப் பெண் கல். நாங்கள் மூன்று பேர் பட்டறைக்கே போய்த் தட்டிக் கேட்டோம். தாளம் தட்டியது போன்ற அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. பழைய கல்லை விட மனமில்லை. புதுச் சிலையின் காலடியில் வைத்திருக்கிறோம்.

யாகசாலை, சிலையைப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தனம் இவற்றை உங்கள் ஆசாரியார் சொல்வார். ஒன்றை மட்டும் நோட்டில் தனிப் பக்கமாகத் தொடங்குங்கள்: 12 ஆண்டில் அடுத்த கும்பாபிஷேகம் வரும். அதற்கு முதல் ஆண்டிலிருந்தே சிறிது ஒதுக்க வேண்டும்.

49ஆம் நாளுக்கு நாங்கள் தெருவாரியாக முறை எழுதினோம். முதல் முறை காலனித் தெருவுக்கு. அன்று காலை ஐந்தரை மணிக்கு நான் போனபோது ஒரு சிறுமி எண்ணெய்ப் பாட்டிலோடு வாசலில் நின்றிருந்தாள். பூசாரி இன்னும் வந்திருக்கவில்லை.