கிறிஸ்துவின் இரு இயல்புகள்: விளக்கும்போது நேரும் தவறுகள்

இயேசுவைப் 'பாதி கடவுள், பாதி மனிதர்' என்று விளக்குவது எளிதாகத் தோன்றினாலும், கிறிஸ்தவ விசுவாசம் அப்படிச் சொல்வதில்லை. கி.பி. 451-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம், அவர் முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என்றும், இரு இயல்புகளும் கலவாமலும் மாறாமலும் பிளவுறாமலும் பிரியாமலும் ஒரே ஆளில் இணைந்திருக்கின்றன என்றும் அறிக்கையிட்டது. பாலும் நீரும் கலந்ததுபோல என்று பிரசங்கங்களில் சொல்லப்படும் உவமை, 'கலவாமல்' என்பதிலேயே அடிபட்டுப்போகிறது.

பக்தியின் பெயரால் நுழையும் தவறு இதைவிட நுட்பமானது. உடல்தான் மனிதருடையது, உள்ளிருந்து சிந்தித்தது கடவுள் மட்டுமே என்ற எண்ணம் பலரிடம் உண்டு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரியு கற்பித்தது ஏறக்குறைய இதைத்தான். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அதைத் தள்ளிவிட்டது. கிறிஸ்து ஏற்காத எதுவும் குணமாக்கப்படவில்லை என்பது அதே நூற்றாண்டின் இறையியலாளர் நசியான்சு கிரகோரியாரின் வாதம். மனித மனத்தை ஏற்காதவர் மனித மனத்தை எப்படி மீட்டிருக்க முடியும்? சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் தம் விருப்பப்படி அல்ல, தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்று இயேசு மன்றாடியதை, நமக்கு முன்மாதிரி காட்டவே அப்படிச் செய்தார் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அது அவருடைய வேதனையை நடிப்பாக்கிவிடும். அவருக்கு மனித விருப்பமும் உண்மையாகவே இருந்தது என்பதை 680–681-இல் நடந்த மூன்றாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் உறுதிப்படுத்தியது.

இதற்கு எதிர்த்திசையில், கடலில் புயல் அடித்தபோது படகின் பின்புறம் தலையணைமேல் தூங்கியவர் மனிதர், எழுந்து காற்றை அதட்டியவர் கடவுள் என்று இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுவோரும் உண்டு. உறக்கம் மனித இயல்புக்கு உரியதுதான். ஆனால் உறங்கியவரும் அதட்டியவரும் ஒருவரே. மரியாளை இறைவனின் தாய் என்று 431-இல் எபேசு சங்கம் ஏற்றதற்குக் காரணமும் இதுவே: பிறந்தவர் ஒருவர்தான்.

உயிர்த்தெழுந்தபின் மனித இயல்பைக் களைந்துவிட்டார் என்பதும் பிழை. உயிர்த்த இயேசு சீடர்கள் முன்னிலையில் மீன் உண்டதாக லூக்கா எழுதுகிறார்.

கால்செதோன் சங்கத்தை ஏற்காத காப்டிக் (எகிப்திய), ஆர்மேனிய, சிரிய, மலங்கரா மரபுச் சபைகளை, மனித இயல்பை மறுப்பவை என்று குறிப்பிடுவது இன்றும் நடக்கிறது, அது அநியாயம். மனித இயல்பு தெய்வ இயல்பில் கரைந்துபோனது என்ற ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யூத்திகேசின் கருத்தை அவையும் மறுக்கின்றன. கிறிஸ்துவின் இறைமையும் மனிதமும் முழுமையானவை என்று 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும் கூட்டாகவே அறிக்கையிட்டார்கள்.