மாற்றுக் கையை மூளைக்குப் பழக்குவது எப்படி?

கை மாற்று அறுவை சிகிச்சையில் எலும்பும் இரத்தக் குழாயும் நரம்பும் இணைக்கப்பட்டுவிட்டாலும், புதிய கையை ஆள வேண்டியது மூளைதான். கையை இழந்தபின், உடல் அசைவுகளை ஆளும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் கைக்குரிய செயல்பாடு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடக்கூடும். பிரான்சின் லியோன் நகரில் 2000 ஜனவரியில் இரு கைகளும் பொருத்தப்பெற்ற ஒருவரின் மூளையை எம்.ஆர்.ஐ. வழியாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், அப்படி நகர்ந்திருந்த செயல்பாடு ஆறு மாதங்களில் பழைய இடத்துக்கே திரும்பியதைக் கண்டார்கள். அந்தத் திரும்புதலுக்குத் துணைநிற்பதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சியை அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள். இல்லாத விரல்களை மடக்குவதாகவும் நீட்டுவதாகவும் மனத்தால் முயன்று பாருங்கள். இந்த முயற்சியும் இயக்கப் புறணியைச் செயல்பட வைக்கிறது. ஒரு கை மட்டும் இழந்தவர், தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் மாய உறுப்பு வலிக்காக (இழந்த உறுப்பு இன்னும் இருந்து வலிப்பதுபோன்ற உணர்வு) அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பெட்டி முறையையும் (இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கைபோலக் கண்ணாடியில் காட்டுவது) சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவக் குழு அனுமதித்த அசைவுகளை மட்டுமே, அவர்கள் தந்த ஸ்பிளின்ட்டுடன் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை) செய்ய வேண்டும். மணிக்கட்டுக்கு அருகே கை பொருத்தப்பட்டிருந்தால் விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ள உங்கள் சொந்தத் தசைகளே என்பதால், அந்த அசைவு முதலில் வரும். உள்ளங்கையின் சிறு தசைகளோ கொடையாளியுடையவை. உங்கள் நரம்பு வளர்ந்து அவற்றை எட்ட வேண்டும். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளர்வதாகக் கொண்டால், 300 மி.மீ. தொலைவைக் கடக்கப் பத்து மாதம் ஆகும். இக்கணக்கை நோயாளியும் குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிந்திருப்பது மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன். அசைவு வராத மாதங்களில் மனம் தளர்ந்து பயிற்சியை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

அந்தக் காத்திருப்புக் காலத்திலும் அசைவை நினைத்து முயல்வதை நிறுத்தாதீர்கள். தொடுஉணர்வு தலைகாட்டியதும் பஞ்சு, துணி, மரம், நாணயம் ஆகியவற்றை முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டே தொட்டு, பிறகு கண்ணை மூடி அடையாளம் காணப் பழகுங்கள். களைப்போடு நெடுநேரம் செய்வதைவிட, முழுக் கவனத்தோடு சிறிது நேரம் பலமுறை செய்வது நல்லது. உணர்வு முழுமையாகத் திரும்பும்வரை சூடான பாத்திரத்தையும் வெந்நீரையும் புதிய கையால் தொடக் கூடாது. தோலில் தடிப்போ சிவப்போ வீக்கமோ தெரிந்தால், அது உடல் அந்தக் கையை நிராகரிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரை அணுகுங்கள். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது.

சிறு தசைகள் அசையத் தொடங்கியதும் பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, சோற்றைப் பிசைந்து உண்பது போன்ற உண்மையான வேலைகளுக்கு மாறுங்கள். இரு கைகளும் பொருத்தப்பெற்றவர் எளிதாக இயங்கும் கையிடமே எல்லா வேலையையும் ஒப்படைத்துவிடாமல், பின்தங்கிய கைக்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். லியோனில் சிகிச்சை பெற்ற மற்றொருவருக்கு இடக்கையின் சிறு தசைகள் 10 மாதங்களில் இயக்கப் புறணியில் இடம்பெற்றிருந்தன. வலக்கைக்கு அதே நிலை 26ஆம் மாதத்தில்தான் காணப்பட்டது.