விவால்டியின் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் படிப்பது எப்படி?

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி தன் கைவசம் வைத்திருந்த இசைத்தாள்களில் பெரும்பகுதி இன்று இத்தாலியின் டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில் 27 தொகுதிகளாக இருக்கிறது. சிறு வயதிலேயே இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் நினைவாக அவர்களுடைய தந்தையர் 1927லும் 1930லும் வாங்கிக் கொடுத்தவை. ஃபோவா, ஜோர்தானோ என்ற அந்தக் குடும்பப் பெயர்கள்தான் இன்றும் அலமாரி எண்ணின் முதல் சொல்.

படி 1: எண்ணைக் கண்டுபிடியுங்கள்
'கான்செர்ட்டோ' (தனிக்கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். ஆர்வி எண் (விவால்டி படைப்புகளின் இன்றைய பட்டியல் எண்) வேண்டும். பழைய இசைத்தட்டு உறைகளில் 'பி 79' என்றிருக்கும்; அது பின்ஷெர்ல் என்பவர் தொகுத்த பழைய பட்டியலின் எண், இன்றைய ஆர்வி 443. இரண்டையும் குழப்பினால் வேறு படைப்பு கிடைக்கும்.

விவால்டியின் புகழ்பெற்ற 'நான்கு பருவங்க'ளை இங்கே தேட வேண்டாம். அதன் கையெழுத்து மூலம் கிடைக்கவில்லை. 1725 ஆம்ஸ்டர்டாம் அச்சுப் பதிப்பைப் பாருங்கள்.

படி 2: அலமாரி எண்
பல நாட்டு நூலகங்களின் இசைப் பிரதிகளைப் பட்டியலிடும் ரிஸ்ம் (RISM) இணைய அட்டவணையில் ஆர்வி எண்ணை இட்டால் தொகுதியும் தாள் எண்ணும் வரும். எண் தாளுக்குத்தான், பக்கத்துக்கு அல்ல. 10 தாள் என்றால் 20 பக்கம். படக்கோப்பின் வரிசை எண்ணும் இதனுடன் ஒத்துப்போகாது. தாளின் மூலையில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். இத்தாலிய அட்டவணையில் சுருதி 'டோ', 'ரே' என்றிருக்கும். இத்தாலிய டோ என்பது ஆங்கில சி (C), இத்தாலிய சி (Si) என்பது ஆங்கில பி (B)! தடுமாற்றம் அதிகம் வரும் இடம் இதுதான்.

படி 3: கோடுகளைப் படியுங்கள்
முதலில் கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் வரித் தொடக்கக் குறி. வியோலாவுக்கு நடுக்கோட்டில் சி கிளெஃப், சோப்ரானோ குரலுக்குக் கீழ்க்கோட்டில். சி கிளெஃப் நிற்கும் கோடே மிடில் சி (பியானோவின் நடுவிலுள்ள சி சுரம்).

இரண்டாம் வயலினின் வரி வெறுமையாக இருந்தால் அது மௌனம் என்று முடிவுகட்டாதீர்கள். முதல் வயலினோடு சேர்ந்து வாசிப்பதால் திரும்ப எழுதவில்லை, அவ்வளவுதான். வெறும் வரியைக் கண்டால் அது எங்கே நின்றது என்று முந்தைய பக்கத்தைப் பாருங்கள். உண்மையான மௌனத்துக்குப் பொதுவாக ஓய்வுக்குறி இருக்கும்.

படி 4: தலைப்புக் குறிப்பை விடாதீர்கள்
ஆர்வி 443 சிறு புல்லாங்குழலுக்கானது, சி மேஜரில் எழுதப்பட்டது. தொடக்கத்தில் விவால்டி 'இசைக்கருவிகளை நான்காம் இடைவெளிக்கு மாற்றுக' என்று எழுதிவைத்திருக்கிறார். அதைப் பின்பற்றிக் கீழே இறக்கினால் ஒலிப்பது ஜி மேஜர். இரண்டு சுருதியிலும் பதிவுகள் இருப்பதற்குக் காரணம் இந்த ஒற்றை வரிதான்.